ஓரிரவுக் கூடாரம்



நீங்களும் உங்கள் வாழ்க்கைத் துணையும் மரத்தடியில், வானத்தையே கூரையாகக் கொண்டு இறுதியாக ஓர் இரவைக் கழித்தது எப்போது? வலிகாமத்தில் நடுவயதைக் கடந்தோரிடம் இவ்வினாவை எழுப்பினால், அவர்களுள் பலர் விரும்பிச் சென்ற பயணம் எதனையும் கூறமாட்டார்கள். 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவையே கூறுவார்கள்.

பண்டத்தரிப்பைச் சேர்ந்த கணவன் மனைவி இருவரின் கதையை அவர்களுடைய இசைவுடன் இங்கு தருகின்றேன். மணமாகி முப்பது ஆண்டுகளைக் கடந்தவர்கள். பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். ஒரு சனிக்கிழமை நண்பகல், பிள்ளைகளோடு தொலைபேசியில் பேசி முடித்தபின் வீடு வெறிச்சோடிக் கிடந்தது. கணவர் முற்றத்தில் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“இஞ்சேருங்கோ, மடு மாதாவிட்டப் போய்க் கனகாலம்” என்றார் மனைவி.

“அப்ப வெளிக்கிடும். இப்பவே போவம்.”

“இரவுக்கு எங்கை தங்கிறது?”

“மாதாவின்ரை மரத்தடி இருக்குத்தானே!”

அரை மணி நேரத்தில் ஆயத்தம் முடிந்தது. ஒரு பாய், இரண்டு போர்வைகள், ஒரு தறப்பாள், ரோச் லைற், பொதி கட்டிய பிட்டும் சம்பலும், செபமாலை. அயல்வீட்டாரிடம் சொல்லிவிட்டு, இருவரும் தலைக்கவசம் அணிந்து புறப்பட்டனர்.

யாழ் நகரைத் தாண்டி நாவற்குழிப் பாலத்தை அடையும்வரை சிரிப்பும் பேச்சுமாக வந்தவர்கள், பாலத்தில் ஏறியதும் மௌனமாயினர். 1995இல் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இரவிரவாக, மழையில், அடிமேல் அடிவைத்துக் கடந்த பாலம் அது. எரிபொருள் தடையினால் பெற்றோல் துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு இயக்கி, பின்னர் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய காலம். அன்று அவருக்கு அந்த மண்ணெண்ணெயும் கிடைக்கவில்லை. தம் முதிய தாயைச் சைக்கிள் கரியரில் இருத்தித் தள்ளிக்கொண்டு சென்றார். ஆறு மாதக் குழந்தையை மார்போடு அணைத்தபடி மனைவி பின்னால் நடந்தார். சனநெரிசலில் இருவரும் பிரிந்துவிட்டனர். மனைவி சாவகச்சேரியை அடைந்து கணவரைக் கண்டது மறுநாள் பிற்பகலில்தான். அப்போது கணவர் கேட்டது ஒரேயொரு கேள்வி: “ஏன் இவ்வளவு நேரம்?”

அந்தக் கேள்வியை மனைவி ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நெஞ்சில் சுமந்தார். ஒரு நாளேனும் வாய்திறந்து கூறவில்லை.

நாவற்குழியிலிருந்து கேரதீவு, 2011இல் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலம், பூநகரி, முழங்காவில் என மன்னார் வீதி நீண்டது. மடுத்திருப்பதியை அடைந்தபோது மாலை மங்கிக்கொண்டிருந்தது. அன்னையின் முன் முழந்தாளிட்டுச் செபித்தபின், யாத்திரிகர் வழமையாகத் தங்கும் மரங்களின் கீழ்த் தறப்பாளைக் கட்டினர். பொதியை அவிழ்த்து உண்டனர். செபமாலை சொல்லி முடிந்தது. காட்டுக் காற்றின் ஓசையைத் தவிர வேறொன்றும் இல்லை. அப்போது மனைவி மெதுவாகச் சொன்னார்:

“அண்டைக்கு நீங்கள் ஒருக்காத் திரும்பிப் பாத்திருக்கலாம்.”

எந்த நாள் என்று கணவர் கேட்கவில்லை. நெடுநேரத்தின் பின்னர் பேசினார்: “திரும்பிப் பாக்கப் பயமாயிருந்தது. உம்மைக் காணாட்டி அம்மாவை அந்தச் சனத்துக்குள்ளை விட்டிட்டு ஓடிவந்திருப்பன். வந்து சேந்த உம்மைக் கண்டதும் அழுகைதான் வந்தது. அதை மறைக்கத்தான் அப்பிடிக் கேட்டனான். என்னை மன்னிச்சுக்கொள்ளும்.”

அன்றிரவு இருவரும் உறங்கவில்லை என்று கூறிச் சிரிக்கின்றார்கள்.

அன்பானவர்களே, முப்பது ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தும் வெளிவராத சொல், ஒரு தறப்பாளின் கீழ் வெளிவந்தது ஏன்? வீட்டில் எமக்கு ஒளிந்துகொள்ள இடங்கள் பல உண்டு. ஒருவர் அடுப்படிக்குள் ஒளிந்துகொள்ளலாம். மற்றவர் தொலைக்காட்சிக்கு முன்னால் ஒளிந்துகொள்ளலாம். பிள்ளைகளின் அலுவல்கள், கைத்தொலைபேசி, கோவில் வேலைகள்கூட எமக்கு மறைவிடங்களாகிவிடுகின்றன. ஒற்றைப் பாயில் அமர்ந்திருக்கும் இருவருக்கோ அத்தகைய மறைவிடம் எதுவுமில்லை.

இதனை நன்கறிந்தவர் எம் இறைவன். லேவியர் நூலின் 23ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். கானான் நாட்டில் குடியேறி, வீடும் வயலும் பெறவிருந்த இஸ்ரயேலருக்கு ஆண்டவர் ஒரு விசித்திரமான கட்டளை இடுகின்றார். ஆண்டுதோறும் ஏழு நாட்கள் அவர்கள் இலைதழைகளால் ஆன கூடாரங்களில் தங்க வேண்டும். வீடற்றவர்களாக அலைந்த நாட்களில் தம்மை வழிநடத்தியவர் யார் என்பதை அவர்களுடைய தலைமுறைகள் அறியவேண்டும் என்பதே அதன் நோக்கம். அகதியாக வாழ்ந்த காலத்தை மறந்துவிடுமாறு இறைவன் கூறவில்லை. அக்காலத்தின் அடையாளமான கூடாரத்தையே மகிழ்ச்சியின் திருவிழாவாக மாற்றித் தந்தார். அச்சத்தில் தங்கிய கூடாரத்திற்கு அன்பில் ஒருமுறை திரும்பிச் செல்லும்போது, அங்கே விட்டுவந்த காயம் ஆறத் தொடங்குகின்றது.

மருதமடு அன்னையும் இடம்பெயர்ந்த அன்னையே. ஒல்லாந்தரின் துன்புறுத்தலுக்கு அஞ்சி, 1670இல் மாந்தையிலிருந்து விசுவாசிகள் அத்திருச்சொரூபத்தைச் சுமந்துகொண்டு காட்டுக்குள் புகுந்தனர். போர்க்காலத்தில் அந்த மரநிழலில் ஆயிரக்கணக்கானோர் ஏதிலிகளாகத் தங்கினர். 1999 நவம்பரில் எறிகணைகள் வீழ்ந்து, தஞ்சம் புகுந்திருந்தோர் பலர் திருத்தல வளாகத்திலேயே மாண்டனர். 2008 ஏப்பிரலில் திருச்சொரூபம் தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்து, அவ்வாண்டு ஓகஸ்டில் மீண்டும் மடுவுக்குத் திரும்பியது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015 சனவரி 14ஆம் திகதி அவ்வன்னையின் முன் நின்று மன்னிப்பையும் ஒப்புரவையும் வேண்டினார். இனங்களுக்கிடையே வேண்டப்பட்ட அவ்வொப்புரவு எமது இல்லங்களிலும் மலரவேண்டும் அல்லவா? “தயவுசெய்து”, “நன்றி”, “மன்னித்துக்கொள்ளுங்கள்” என்னும் சொற்கள் குடும்பத்துக்கு இன்றியமையாதவை என அவர் இடையறாது கற்பித்ததையும் நினைவிற் கொள்ளுங்கள்.

மடுவரை செல்ல எல்லோராலும் இயலாது. உங்கள் உடல்நலத்திற்கும் வசதிக்கும் ஏற்ற இடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். மாதகல் கடற்கரையில் ஒரு மாலைப்பொழுதும், அதன்பின் வீட்டு முற்றத்து மாமரத்தின் கீழ் ஒரு பாயும்கூடப் போதும். தூரம் செல்வதாயின் இருட்டுமுன் சென்றடையுங்கள். வன்னி வீதிகளில் யானைகள் உலாவும். கைத்தொலைபேசியை அவசரத்துக்கு மட்டும் வைத்திருங்கள். துணையின் மனத்தைத் திறக்க வேண்டுமென்ற எண்ணத்தோடு கேள்விக்கணை தொடுக்காதீர்கள். சேர்ந்து செபியுங்கள், பின்னர் மௌனமாயிருங்கள். தோபித்து நூலில், தோபியாவும் சாராவும் தம் மணவாழ்வின் முதலிரவில் எழுந்து நின்று இறைவனை மன்றாடினார்கள்.

பெருந்திட்டங்கள் தேவையில்லை. எலிசபெத்தைச் சந்திக்க மரியா மலைநாட்டுக்கு விரைந்து புறப்பட்டார் என்றே லூக்கா எழுதுகின்றார். “பிறகு பார்ப்போம்” என்று நாம் ஒத்திவைத்த சொற்களுள் எத்தனையோ, கேட்க வேண்டியவர் கல்லறைக்குச் சென்றபின் எம்மிடமே தங்கிவிடுகின்றன. உங்கள் துணை இன்று உங்கள் அருகில் இருக்கின்றார். இவ்வாரம் ஓர் இரவை அவருக்கென ஒதுக்குங்கள்.

அலைந்த நாட்களிலெல்லாம் எம்மோடு கூடாரமடித்துத் தங்கிய இறைவா, அன்று வழியில் நாங்கள் திரும்பிப் பாராமல் விட்டவர்களை இன்று திரும்பிப் பார்க்க எமக்கு அருள்தாரும். ஆமென்.