கறுப்பனுக்கு மருந்து கொடுத்தாச்சா?

தைப்பூசத்துக்குப் பத்துமலை புறப்படுகிறீர்கள். வேன் வாசலில் நிற்கிறது. பிள்ளைகள் ஏறிவிட்டார்கள். அந்த அவசரத்தில் பக்கத்து வீட்டு அக்காவை வேலியோரம் கூப்பிடுகிறீர்கள்.

"அக்கா, நாலு நாளைக்கு நம்ம கறுப்பனைப் பாத்துக்குங்க. மருந்து அலமாரியிலே இருக்கு."

"அதுக்கென்ன தங்கச்சி, நல்லபடியா போயிட்டு வாங்க."

வேன் புறப்பட்டுவிட்டது. ஆனால் கறுப்பனுக்கு வலிப்பு நோய் இருக்கிறதே! காலையில் ஒரு மாத்திரை, பன்னிரண்டு மணி நேரம் கழித்து இரவில் ஒன்று. அதை அக்காவிடம் சொன்னீர்களா? பாதி வழியில் நினைவு வந்து, கைத்தொலைபேசியில் ஒரு செய்தி அனுப்புகிறீர்கள். அதுவோ, வேல் படங்களுக்கும் பூச வாழ்த்துகளுக்கும் நடுவே புதைந்துபோகிறது. மறுநாள் காலையில்தான் அக்கா அதைப் பார்க்கிறார். இரவு மருந்து தவறிவிட்டது. பதறிப்போய் ஒரு மாத்திரை கொடுத்துவிட்டு வேலைக்குப் போகிறார். அம்மா மறந்திருப்பார் என்று எண்ணி, அவர் மகளும் ஒன்று கொடுத்துவிடுகிறாள்.

இது கற்பனைதான். ஆனால் நடக்கக்கூடாத கற்பனையா? வலிப்பு மருந்தைத் திடீரென விட்டால் கடுமையான வலிப்பு வரலாம். அளவு கூடினால் நாய் தள்ளாடும், மயங்கிக் கிடக்கும். வாயில்லாச் சீவன், "ஒன்று தின்றுவிட்டேன்" என்று சொல்லுமா? கறுப்பனுக்கு ஏதேனும் ஆகிவிட்டால், இருபது வருடப் பழக்கமும் அந்த வேலியோரத்திலேயே முறிந்துவிடும்.

மேல்நாடுகளில் இதற்கென்றே கைத்தொலைபேசிச் செயலிகள் வந்துவிட்டன. அமெரிக்காவின் சியாட்டல் நகரில் 2011ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'ரோவர்' அவற்றில் ஒன்று. நாயைப் பார்த்துக்கொள்பவர், அதை உலாவக் கூட்டிப்போனது, தீனி வைத்தது, தண்ணீர் கொடுத்தது எல்லாவற்றையும் படத்தோடு உரிமையாளருக்கு அனுப்பலாம். ஆனால் அது கூலி கொடுத்து ஆள் அமர்த்தும் ஏற்பாடு. நம் அக்காவோ கூலிக்குப் பார்ப்பவரல்லர்; அன்புக்குப் பார்ப்பவர்.

உங்கள் வீட்டில் கணினி படிக்கும் பிள்ளை இருக்கிறதா? "என்ன செயலி செய்யலாம்?" என்று அது யோசித்துக்கொண்டிருக்கிறதா? இந்த வேலையைக் கொடுங்கள். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுங்கள்: இந்தச் செயலி ஊருக்குப் போகிறவருக்காக அன்று; பின்னால் இருந்து பார்த்துக்கொள்கிறவருக்காக!

போகிறவருக்குச் சொல்ல ஆயிரம் இருக்கும். பார்த்துக்கொள்பவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: "இப்போது நான் என்ன செய்ய வேண்டும்?" ஆகவே, செயலியைத் திறந்ததும் இன்றைய வேலை மட்டும் தெரியட்டும். காலை ஏழு மணி, மாத்திரை ஒன்று, சோற்றோடு. பக்கத்திலேயே மாத்திரையின் படம். எழுத்து பெரிதாக, தமிழில் இருக்க வேண்டும். படிக்கச் சிரமப்படுபவர் கேட்டுக்கொள்ள, அதையே உங்கள் குரலிலும் பதிந்து வையுங்கள்.

கொடுத்தவுடன் அக்கா ஒரு பொத்தானைத் தொடுகிறார். "கொடுத்தாச்சு, 7.05" என்று அவர் மகளின் கைத்தொலைபேசியிலும் தெரிகிறது, பத்துமலையில் நிற்கும் உங்களுக்கும் தெரிகிறது. இரண்டாவது மாத்திரைக்கு இனி இடமில்லை.

செம்பனைக் காட்டுக்குள் 'லைன்' கிடைக்காத இடங்கள் உண்டல்லவா? அங்கேயும் செயலி வேலை செய்ய வேண்டும். குறித்ததைத் தனக்குள் வைத்திருந்து, 'லைன்' கிடைத்ததும் அனுப்ப வேண்டும். அதுவரை "இன்னும் போய்ச் சேரவில்லை" என்று தெளிவாகக் காட்ட வேண்டும். போகாத செய்தியைப் போனதாகக் காட்டுவது, செய்தியே இல்லாததைவிட ஆபத்து.

அடுத்தது அவசரப் பக்கம். கால்நடை மருத்துவரின் தொலைபேசி எண், உங்கள் எண், நீங்கள் கிடைக்காவிட்டால் கூப்பிட வேண்டிய உறவினரின் எண். இன்னொன்றும் வேண்டும்: "நான் கிடைக்காவிட்டாலும் மருத்துவரிடம் கொண்டுபோங்கள், இவ்வளவு ரிங்கிட் வரை செலவு செய்யலாம், அது என் பொறுப்பு." இந்த ஒரு வரி இல்லாததால், நள்ளிரவில் எத்தனை பேர் கையைப் பிசைந்துகொண்டு நிற்க நேரும்! மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டமும், பிராணியைத் தம் பாதுகாப்பில் வைத்திருப்பவரை உரிமையாளரோடு சேர்த்தே எண்ணுகிறது. உதவி செய்ய வந்தவரை விவரம் தெரியாமல் தவிக்க விடலாமா?

"கொடுக்கக்கூடாதவை" என்றும் ஒரு பக்கம் இருக்கட்டும். சாக்லெட், வெங்காயம், திராட்சை மூன்றும் நாய்க்கு நஞ்சு. பூனைக்குக் காய்ச்சல் என்று நாம் விழுங்கும் பாரசிட்டமோல் மாத்திரையைக் கொடுத்தால், ஒரே மாத்திரை அதன் உயிரைக் குடித்துவிடலாம்.

அக்காவுக்கும் ஒரு பொத்தான் வேண்டும்: "எனக்கு முடியவில்லை, வேறு ஆள் பாருங்கள்." அவருக்கும் காய்ச்சல் வரும், அவர் வீட்டிலும் விசேஷம் வரும். வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுவதை ஒரு பொத்தான் சொல்லிவிடும். நீங்களும் மணிக்கு நான்கு முறை "சாப்பிட்டானா?" என்று கேட்காதீர்கள். அன்புக்கு வந்தவரை ஆணையிட்டு வாட்டலாகாது.

வீடு பூட்டிக் கிடக்கிறது, சாவி இன்ன இடத்தில் இருக்கிறது என்பதெல்லாம் குழுவில் போடும் சங்கதியா? அது அக்காவின் கண்ணுக்கு மட்டும் தெரியட்டும். நீங்கள் திரும்பிய அன்றே அழிந்துபோகட்டும்.

எல்லாம் செய்தபின் சோதிக்க வேண்டுமே! கணினித் திரைகளின் பயன்பாட்டை ஆராயும் ஜேக்கப் நீல்சன், ஐந்து பேரைக் கொண்டு சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்று 2000ஆம் ஆண்டில் எழுதினார். அந்த ஐந்து பேரும் கல்லூரித் தோழர்களாக இருந்து பயனில்லை. கண்ணாடி போட்ட பாட்டி ஒருவர், வெட்டு முடித்துக் களைத்து வந்த அக்கா ஒருவர் அதில் இருக்கட்டும். கையில் கொடுத்துவிட்டுப் பிள்ளை வாய் திறக்காமல் நிற்க வேண்டும். பாட்டியின் விரல் எங்கே தயங்குகிறதோ, அங்கே செயலியில்தான் குறை, பாட்டியிடம் இல்லை.

செயலி வரும்போது வரட்டும். அதுவரை, ஒரு தாளும் பேனாவும் போதும். என்ன தீனி, எத்தனை மணிக்கு, என்ன மருந்து, எவ்வளவு, யாரைக் கூப்பிடுவது என்று எழுதுங்கள். ஒவ்வொரு வேளைக்கும் ஒரு கட்டம் போட்டு, அக்கா வீட்டுச் சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள். கொடுத்தவர் கோடு போடட்டும்.

அடுத்த முறை வேன் வாசலில் வந்து நிற்கும் முன்பே, முதல் நாள் மாலையே, அந்தத் தாளோடு வேலியோரம் போங்கள். அக்காவோடு உட்கார்ந்து ஒருமுறை படித்துக் காட்டுங்கள். மருந்தை அவர் கையிலேயே கொடுங்கள். பிறகு நிம்மதியாகப் பால்குடம் தூக்கலாம்.