ஹூக்ளியின் மணலை அளந்த கைகள்

கல்கத்தாத் துறைமுகத்தின் சரித்திரத்தைச் சொல்லப் புகுவோர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கிதர்ப்பூரில் நிர்மாணிக்கப்பட்ட கப்பல்துறைகளையும், அவற்றின் கற்சுவர்களையும், பாரந்தூக்கிகளையும், சணலும் தேயிலையும் ஏற்றிச் சென்ற கப்பல்களையும் விஸ்தாரமாக வர்ணித்துவிட்டு, நகரத்துக்கும் கடலுக்கும் இடையே ஏறக்குறைய 125 மைல் தூரம் நெளிந்து கிடக்கும் ஹூக்ளி நதியை ஓரிரு வாக்கியங்களில் கடந்துவிடுகிறார்கள். அந்த நதியில் ஒரு கப்பலைத் தரைதட்டாமல் ஏற்றிக் கொண்டுவந்து சேர்க்கும் வித்தையின்மீதே அந்நகரத்தின் செல்வம் முழுவதும் நின்றது. 1690-ல் ஆங்கில வர்த்தகர்கள் அதன் கரையில் குடியேறிய நாள்முதல் அங்கே செய்யப்பட்ட பாதுகாப்பு ஏற்பாடுகளில் எவை நிலைத்துப் பயன் தந்தன என்று பார்த்தால், கல்லாலும் இரும்பாலும் ஆனவற்றைவிட, அன்றாடம் நதியின் ஆழத்தை அளந்து கப்பலோட்டிக்கு உடனுக்குடன் அறிவித்த ஏற்பாடுகளே முதலிடம் பெறும் என்பது என் உறுதியான எண்ணம்.

நதியின் அபாயங்களில் தலையாயது ஜேம்ஸ் அண்ட் மேரி என்னும் மணல்திட்டு. 1694-ல் 'ராயல் ஜேம்ஸ் அண்ட் மேரி' என்ற கப்பல் அங்கே நாசமானதிலிருந்து அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. மேற்கேயிருந்து தாமோதர் நதி வந்து கலக்குமிடத்துக்கும், சில மைல் கீழே ரூப்நாராயண் நதி சங்கமிக்குமிடத்துக்கும் இடையில், பக்கவாட்டில் பாயும் இவ்விரு நதிகளின் வேகமும் ஹூக்ளியின் பிரவாகத்தைத் தடுத்து நிறுத்த, அது சுமந்துவரும் மணல் அங்கேயே படிந்து, இன்றிருந்த வழி அடுத்த பருவத்தில் இல்லாதபடி இடம்மாறிக்கொண்டே இருக்கும். அடிமரம் மணலில் சிக்கிய கப்பலை ஏற்றவற்றத்தின் வேகம் குறுக்கே திருப்பி, ஒருபக்கமாகச் சாய்த்து, பாய்மரங்களோடு புரட்டிவிடும். படகு இறக்கவும் அவகாசம் கிடைப்பதரிது. புரண்ட கப்பலை அந்த மணலே விழுங்கிக்கொள்ளும். பாறையில் மோதிய கப்பல் பல நாள் அங்கேயே நின்றிருக்கவும் கூடும். இங்கே சில நிமிஷங்களில் எல்லாம் முடிந்துவிடும் என்பதனால்தான் இந்த நதியில் பிழைக்கு மன்னிப்பே இல்லாமற் போயிற்று.

இந்த வழியில் கப்பலை நடத்தவே வங்காளப் பைலட்டுகள் என்னும் ஒரு தனி வர்க்கத்தார் தோன்றினார்கள். நதி முகத்துவாரத்துக்கு வெளியே, கரை கண்ணுக்குத் தெரியாத மணல்தலை என்னும் கடற்பகுதியில் பைலட் கப்பல்கள் எந்தப் பருவத்திலும் நங்கூரமிட்டுக் காத்திருக்கும். வரும் கப்பலில் பைலட் ஏறியதும் வழிநடத்தும் பொறுப்பு அவர் கைக்கு வந்துவிடும். சிறுவயதில் சேர்ந்து, ஈயக்குண்டு கட்டிய கயிற்றை எறிந்து ஆழம் பார்க்கும் வேலையில் வருஷக்கணக்காகப் பழகி, சிறு கப்பல்களிலிருந்து பெருங் கப்பல்களுக்குப் படிப்படியாக உயர்ந்தவருக்கே அந்தப் பதவி கிட்டியது. குண்டின் அடிப்பாகத்திலுள்ள குழிவில் கொழுப்பைத் தடவி எறிவார்கள். எத்தனை பாகம் ஆழம் என்று கயிறு சொல்ல, கொழுப்பில் ஒட்டிவருவது சேறா, பொடிமணலா, சிப்பித்தூளா என்று பார்த்து, கப்பல் எந்தத் திட்டின் அருகே நிற்கிறதென்பதை இரவிலும் மூடுபனியிலும் பைலட் நிர்ணயிப்பார். இந்த உத்தியோகத்தின் கதவு வெகுகாலம் ஐரோப்பியருக்கே திறந்திருந்தது. ஆயினும் அவர்களுக்காகப் படகு வலித்தும் கயிறு பிடித்தும் உழைத்த கலாசிகள் நம் நாட்டவர். நதியைப் பற்றி அவர்கள் அறிந்திருந்தது கொஞ்சமல்ல. அவர்கள் பெயர்களை எழுதி வைக்க யாருக்கும் தோன்றவில்லை என்பது எனக்கு ஆறாத குறை.

அறிந்ததைத் தாமதமின்றி அறிவிப்பதும் இந்தப் பாதுகாப்பில் ஒரு பகுதியே. இந்தியாவின் முதல் தந்திக் கம்பிகளில் ஒன்று, 1850-ஐ ஒட்டிய வருஷங்களில், கல்கத்தாவுக்கும் டயமண்ட் துறைமுகத்துக்கும் இடையே போடப்பட்டுக் கப்பல் செய்திக்கு உதவியது. பின்னர் கரையோரக் கம்பங்களில் ஓதத்தின் உயரத்தைக் குறிகளால் காட்டும் வழக்கமும் வந்தது. ஆனால் வானத்தைப் பற்றிய செய்தி அப்போது அந்தக் கம்பியில் வரவில்லை. 1864 அக்டோபர் 5-ந் தேதி அடித்த புயலில், துறைமுகத்திலிருந்த 195 கப்பல்களில் 36 அடியோடு நாசமாயின. 97 கப்பல்கள் பலத்த சேதமடைந்தன. காயமின்றித் தப்பியவை 23 மாத்திரமே. புயலோடு எழும்பி நதிக்குள் புகுந்த கடலலை கரையோரக் கிராமங்களில் சுமார் 50,000 பேரைக் கொண்டுபோயிற்று. மறுவருஷமே துறைமுகத்துக்குப் புயலெச்சரிக்கை செய்யும் ஏற்பாடு வகுக்கப்பட்டது. 1870-ல் துறைமுகத்துக்கென்றே தனி நிர்வாகமும் அமைந்தது. எச்சரிக்கை கப்பல்களுக்காகவே பிறந்தது. கிராமத்துக் குடிசைவாசிக்கு அது எட்ட இன்னும் பல தலைமுறைகள் ஆயின.

மேற்பக்கத்தில், கங்கையிலிருந்து ஹூக்ளிக்கு நன்னீர் கொண்டுவரும் நதியா ஜில்லா ஆறுகளில், வேறொரு வேலை நடந்தது. இதைப் பற்றிப் படித்த நாளிலிருந்து எனக்கு அதன்மீது தனிப் பிரியம். கோடையில் அந்த ஆறுகள் முழங்காலளவாகச் சுருங்கி, சரக்குப் படகுகள் நகரமாட்டாமல் நிற்கும். அப்போது ஓட்டத்துக்குச் சாய்வாக மூங்கில்களை வரிசையாக நட்டு, அவற்றில் பாய்களைக் கட்டிவிடுவார்கள். பாயின் பின்னே நீர் தயங்கி மணலைக் கீழே விடும்; பாய்கள் ஒதுக்கிவிட்ட நீர் நடுவில் விசையோடு பாய்ந்து, தானே தரையை அரித்துத் தனக்கு வழி ஆழமாக்கிக்கொள்ளும். வெள்ளம் வந்ததும் மூங்கிலும் பாயும் போய்விடும். அடுத்த கோடையில் ஆழம் பார்த்து, மணல் இடம்மாறியதற்கேற்பப் புதிதாக நடவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே இதற்கு அதிகாரிகள் நியமிக்கப்பட்டு, படகுகளிடம் சுங்கமும் வசூலிக்கப்பட்டது. நதியை எதிர்த்து நில்லாமல் நதியின் பலத்தைக் கொண்டே நதியைத் திருத்தும் இந்த உபாயம், தினந்தோறும் நீரில் இறங்கும் ஆட்கள் இருந்தவரையில் மட்டுமே பலித்தது.

இந்த அக்கறை குன்றினால் என்ன நேரும் என்பதற்கு அந்தப் பிரதேசமே சாட்சி. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீன யாத்திரிகர் பாகியான் இலங்கைக்குக் கப்பலேறிய தாம்ரலிப்தி இன்று கடலை விட்டு வெகுதூரம் உள்ளே கிடக்கிறது. சரஸ்வதி ஆறு தூர்ந்ததனால் சப்தகிராமம் என்னும் பெருந்துறை பதினாறாம் நூற்றாண்டில் க்ஷீணித்தது. கல்கத்தாவுக்கும் அதே கதி வருமென்று அஞ்சியவர்கள் 1860-களில் மாத்லா ஆற்றின்மீது கானிங் துறைமுகத்தை ஸ்தாபித்து ரயில்பாதையும் போட்டார்கள். 1867-ல் வந்த புயலலை அதை மூழ்கடித்தது. சில ஆண்டுகளில் அது கைவிடப்பட்டது. பயத்தில் புதுத் துறைமுகம் தேடியதற்குச் செலவான திரவியத்தைப் பழைய நதியை அறிவதில் செலவிட்டிருக்கலாமே என்று நினைக்காமலிருக்க முடியவில்லை.

மேலே அணைகட்டி நீரைத் திருப்புவதே நிரந்தரப் பரிகாரம் என்போரும் உண்டு. கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணை கட்டிய ஆங்கிலப் பொறியாளரே 1853-ல் கங்கைக்கும் ஓர் அணை கட்ட யோசனை கூறினார் என்று நம் காவிரிக் கரையினர் அறிவது நல்லது. அது 1975-ல் ஃபராக்காவில் நிறைவேறி, 38 கிலோமீட்டர் நீளமுள்ள கால்வாய் விநாடிக்கு 40,000 கன அடி நீரை ஹூக்ளிக்குத் திருப்பும்படி அமைக்கப்பட்டது. கோடை நீரை வங்கதேசத்தோடு பங்கிட 1996-ல் உடன்படிக்கையும் ஏற்பட்டது. அந்தப் பிரயோஜனத்தை நான் மறுக்கவில்லை. ஆயினும் அணை வந்தபின்னும் தூர்வாரும் கப்பல்கள் ஓய்வு பெறவில்லை. பெரிய கப்பல்களுக்காக 1977-ல் கடலருகே அமைந்த ஹால்தியாவின் வழியிலும் மணல் சேர்ந்துகொண்டேயிருக்கிறது. இன்றும் பைலட் ஏறாமல் எந்தப் பெருங் கப்பலும் கல்கத்தாவுக்கு வருவதில்லை.

ஈயக்குண்டின் இடத்துக்கு எதிரொலியால் ஆழம் காட்டும் கருவிகள் வந்துவிட்டன. ஆனால் கருவியைப் படகிலேற்றிக் காலை ஓதத்தோடு புறப்பட்டு, நேற்றைய அளவையும் இன்றைய அளவையும் ஒப்பிட்டு, எந்தத் திட்டு எந்தப் பக்கம் வளர்கிறதென்று சொல்லும் மனிதரின் இடத்துக்கு எதுவும் வரவில்லை. சிக்கனம் என்ற பேச்சு எழும்போது எங்கும் முதலில் குறைக்கப்படுவது கண்ணுக்குத் தெரியாத இந்த வேலைதான். கட்டடத்துக்குத் திறப்புவிழா உண்டு, அளவைப் படகுக்கு அது இல்லை. ஒரு பைலட் தேர்ச்சி பெறப் பல ஆண்டுகள் ஆகின்றன. மூத்தவர்கள் ஓய்வு பெற்றபின் இளைஞர்களைச் சேர்த்தால், இடைப்பட்ட ஆண்டுகளில் நதி மாறியதை அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இராது. ஆதலால் அளவைப் படகுகளுக்கும் பைலட் பயிற்சிக்கும் உரிய தொகையைப் புதுக் கட்டடங்களின் செலவிலிருந்து பிரித்து, எந்தச் சிக்கனமும் தீண்டாதபடி வருஷந்தோறும் தனியாக ஒதுக்கவேண்டும். மூத்த பைலட்டுகள் பதவியிலிருக்கும்போதே அவர்கள் பக்கத்தில் இளைஞர்களை ஏற்றி அனுப்பவேண்டும். ஆழம் பார்த்துத் தரும் படகோட்டிகளின் பெயர்களையும் இனியாவது அளவைக் குறிப்பேட்டில் எழுதவேண்டும்.