காசு கூடக் குறைய, ஓட்டு சரிசமம்: செக்-ஜெர்மன் எதிர்கால நிதியம்

ரெண்டு நாடுகளுக்கு நடுவே கலாச்சாரப் பரிமாற்றம்னு சொன்னா, அமைச்சர்கள் கைகுலுக்குற போட்டோதான் நமக்கு ஞாபகம் வரும். ஆனா அதுக்கான காசை யார் போடுறாங்க, யாருக்குக் கிடைக்குது? இன்னைக்கு ஒரு நிதியத்தை மட்டும் எடுத்துப் பார்ப்போம்: பிராக் நகரத்தில் இயங்கும் செக்-ஜெர்மன் எதிர்கால நிதியம்.

முதல்ல பின்னணி. 1938-ல் மியூனிக் ஒப்பந்தத்தின் மூலம் செக்கோஸ்லோவாக்கியாவின் எல்லைப் பகுதிகளை ஹிட்லரின் ஜெர்மனி எடுத்துக்கொண்டது. அடுத்த வருஷமே மீதி செக் பகுதிகளும் ஆக்கிரமிக்கப்பட்டன. போர் முடிந்ததும், அங்கே தலைமுறைகளாக வாழ்ந்த சுமார் 30 லட்சம் ஜெர்மானியர்கள் வெளியேற்றப்பட்டார்கள். ஆக, ரெண்டு பக்கமும் காயம். யார் முதல்ல வருத்தம் தெரிவிக்கணும்ங்கிறதே பெரிய சிக்கல்.

1997 ஜனவரியில் இரு அரசுகளும் ஒரு கூட்டுப் பிரகடனத்தில் கையெழுத்திட்டு, பரஸ்பரம் வருத்தம் தெரிவித்தன. அதிலிருந்து பிறந்ததுதான் இந்த நிதியம். ஜெர்மனி 14 கோடி மார்க் தர ஒப்புக்கொண்டது. செக் குடியரசு 44 கோடி கொருனா. அன்றைய மதிப்பில் ஜெர்மனியின் பங்கு அஞ்சு மடங்குக்கும் மேல்.

இங்கதான் கவனிக்கணும். காசு அதிகம் போட்டவங்களுக்கு அதிக அதிகாரம்னு வைக்கலை. நிர்வாகக் குழுவில் எட்டுப் பேர்: நாலு பேர் செக், நாலு பேர் ஜெர்மன். சின்ன நாட்டை மீறி எதுவும் நடக்காது.

நிதியத்தின் பணம் நாஜிக் கொடுமையிலிருந்து உயிர் தப்பிய முதியவர்களுக்குப் போனது. அவங்களுக்குக் காத்திருக்க நேரமில்லையே! கூடவே பள்ளிப் பரிமாற்றம், நாடகம், புத்தக மொழிபெயர்ப்பு, சிதைந்த தேவாலயங்கள், கல்லறைகளின் சீரமைப்புக்கும் உதவி கிடைத்தது.

விண்ணப்பிக்க ரெண்டு விதி முக்கியம். ஒண்ணு, எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கூட்டாளி வேணும். ரெண்டு, பொதுவாகச் செலவில் பாதி வரைக்கும்தான் கிடைக்கும். மீதியை நீங்களே திரட்டணும். அதனால, மானியத்துக்காகவாவது ஒரு செக் ஆசிரியர் ஒரு ஜெர்மன் ஆசிரியருக்குப் போன் போட்டுத்தான் ஆகணும்.

இதனால எல்லாம் தீர்ந்துடுச்சா? இல்லை. பறிபோன வீடு, நிலம் பற்றிய கேள்விக்கு இந்த நிதியம் பதில் சொல்லாது. வெளியேற்றப்பட்டவர்களின் அமைப்புகள் பிரகடனத்தைக் கடுமையாகவே விமர்சித்தன. ஆனா அந்த வழக்கு தீரட்டும்னு பள்ளிப் பிள்ளைகளைக் காக்க வைக்கலை, பாருங்க. அடுத்த தடவை ஏதாவது இருநாட்டு நிதி பற்றிச் செய்தி வந்தா, தொகையை மட்டும் பார்க்காதீங்க. முடிவெடுக்கிற மேஜையில் யார் யார் உட்கார்ந்திருக்காங்கன்னும் பாருங்க.