சாமி வந்தவரை அரசு சோதித்தால்: அய்யா வைகுண்டர் வழக்கு

எங்க அரூர் பக்கம் ஒருத்தர் மேல சாமி வந்துட்டா, பெரியவங்க கேட்கிற முதல் கேள்வி, "வந்திருக்கிறது யாரு?" பதில் திருப்தியா இருந்தாதான் கற்பூரம் ஏத்துவாங்க. சோதனை அதோட சரி. ஆனால் சாமி வந்தவர் பின்னால் ஆயிரக்கணக்கில் ஜனம் சேர்ந்து, அந்த ஜனம் தலை நிமிர ஆரம்பித்தால் சோதிப்பது ஊர்ப் பெரியவர் இல்லை, அரசாங்கம்.

நல்ல உதாரணம் அய்யா வைகுண்டர். 1809-ல் தென்திருவிதாங்கூரில், இன்றைய சாமித்தோப்பில் பிறந்தவர். பெற்றோர் வைத்த பெயர் முடிசூடும் பெருமாள். மேல்சாதியினர் எதிர்த்ததால் அது முத்துக்குட்டி ஆனது என்கிறது மரபு. பெயரிலே கூட முடி கூடாதாம்! 1833 மாசியில் திருச்செந்தூர்க் கடலில் இறங்கி, நாராயணரின் மகனாக, வைகுண்டராக வெளியே வந்தார் என்பது அய்யாவழி நம்பிக்கை.

அவர் தவம் மட்டும் இருந்திருந்தால் அரண்மனை கண்டுகொண்டிருக்காது. ஆனால் எல்லா சாதிக்கும் பொதுவாகக் கிணறு, எல்லோரும் சேர்ந்து சாப்பாடு, ஒடுக்கப்பட்டவர் தலையில் தலைப்பாகை என்று போனார். 1830-களின் இறுதியில் சுவாதித் திருநாள் ஆட்சி அவரைப் பிடித்து, திருவனந்தபுரம் சிங்காரத்தோப்பில் அடைத்தது. அங்கே விஷம் வைத்தார்கள், பசித்த புலியை விட்டார்கள் என்று பக்தர்கள் சொல்கிறார்கள். கடைசியில் விட்டுவிட்டார்கள்.

இதே கணக்கைப் பழைய யூத சமூகத்திலும் பார்க்கலாம். உபாகமம் 18-ஆம் அதிகாரத்தின் விதி எளிது: சொன்னது நடக்கவில்லையா, அவன் பொய்த் தீர்க்கதரிசி. ஆனால் 13-ஆம் அதிகாரம் இன்னும் கடுமை: சொன்ன அடையாளம் பலித்தாலும், வேறு தெய்வத்தின் பின்னால் ஜனத்தை இழுத்தால் மரணம். நடைமுறையில் பார்த்தால், சொன்னது பலிக்கும் வரை அதிகாரம் காத்திருக்கவில்லை. எரேமியாவை ஆலய அதிகாரி பஸ்கூர் அடித்துத் தொழுமரத்தில் மாட்டினார். யோர்தான் நதி பிளந்து வழிவிடும் என்று தெயுதாஸ் கூட்டத்தை அழைத்துப் போனபோது, ரோம ஆளுநர் பாதுஸ் குதிரைப் படையை அனுப்பித் தலையை வெட்டிவரச் சொன்னார். வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதியது இது.

அதே யோசேபஸ் சொல்லும் இன்னொருவர் அனனியாவின் மகன் இயேசு (நாசரேத்து இயேசு இல்லை, வேறொருவர்). எருசலேமுக்கு ஐயோ என்று ஏழு வருஷத்துக்கும் மேல் தெருத்தெருவாகக் கத்தினார். ஊர்த் தலைவர்கள் ஆளுநர் அல்பினுஸிடம் ஒப்படைத்தார்கள். எலும்பு தெரிய அடித்தும் அதே ஓலம்தான். பைத்தியம் என்று விட்டுவிட்டார்கள். கவனியுங்கள், அவர் பின்னால் கூட்டம் இல்லை! அவர் சொன்னபடியே எருசலேம் கி.பி. 70-ல் விழுந்தது, முற்றுகைக் கல் ஒன்று பட்டு அவரும் செத்தார்.

வைகுண்டருக்குக் கூட்டம் இருந்தது. அதனால் அரண்மனைக்கு அவர் கலகக்காரர். லண்டன் மிஷன் பாதிரிமாருக்கோ அவர் தடைக்கல், ஏனென்றால் அவர்கள் சேர்க்க நினைத்த அதே ஜனம் அவர் பின்னால் போனது. தங்கள் வேதத்தின் நாயகரும் இதே மாதிரி விசாரிக்கப்பட்டவர் என்பது அவர்களுக்கு உறைத்ததா தெரியவில்லை. பக்தர்கள் பக்கக் கதையைச் சொல்வது அகிலத்திரட்டு. அதில் திருவிதாங்கூர் அரசன்தான் நீசன். குற்றவாளிக் கூண்டில் நிற்பது அவன்.

வைகுண்டர் 1851-ல் மறைந்தார். சாமித்தோப்பில் இன்றும் ஆண்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டுதான் உள்ளே போகிறார்கள். கருவறையில் சிலை கிடையாது, கண்ணாடிதான்.