கல் உடைத்தபின் சிவக்கும் சிறுநீர்

சிறுநீரகக் கல்லுக்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பியவர், சிறுநீர் செந்நிறமாய்ப் போவதைக் கண்டால் திடுக்கிடுவது இயல்பே. அவ்வேளையில் இருவகைத் தவறுகள் நேர்கின்றன. ஒருவர் அஞ்சி, நீர் பருகுவதையே குறைத்துக் கொள்கிறார். மற்றொருவர், "இஃது எல்லோருக்கும் வருவதுதானே" என்று காய்ச்சலையும் பொருட்படுத்தாது படுத்து விடுகிறார். எந்தக் குருதி இயல்பானது, எந்தக் குருதி ஆபத்தின் அறிகுறி என்ற வேறுபாட்டை அறிந்தவருக்கு இவ்விரண்டும் நேரா.

இதயம் வெளியேற்றும் குருதியில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு சிறுநீரகங்கள் இரண்டுக்கும் செல்கிறது. ஆகவே, அங்கு உண்டாகும் சிறு காயமும் குருதியைக் கசியச் செய்யும். உடலுக்கு வெளியிலிருந்து அதிர்வலைகளைச் செலுத்திக் கல்லை உடைக்கும் முறை, ஜெர்மனியின் மியூனிக் நகரில் 1980ஆம் ஆண்டு முதன்முதலாக ஒரு நோயாளிக்குக் கையாளப்பட்டது. அவ்வலைகள் கல்லை நொறுக்குகையில் அதனைச் சூழ்ந்துள்ள நுண்ணிய குருதிக் குழாய்களும் கன்றுகின்றன. நொறுங்கிய துண்டுகள் ஒடுங்கிய சிறுநீர்க்கான் வழியே இறங்குகையில் அதன் சுவரைக் கீறுகின்றன. எனவே, இச்சிகிச்சையின் பின் ஓரிரு நாட்கள் சிறுநீர் சிவந்திருப்பது பெரும்பாலானோருக்கு நிகழ்வதாகும்.

கல்லை அகற்றியபின் சிறுநீரகத்திற்கும் சிறுநீர்ப்பைக்கும் இடையே மென்மையான குழாயொன்றைச் சிலருக்கு வைப்பதுண்டு. நடக்கும்போதும் படியேறும்போதும் அக்குழாய் உராய்வதனால் குருதி தோன்றும். ஓய்வெடுத்து நீர் பருகினால் தெளியும். குழாய் உள்ளவரை இது வந்து வந்து போகலாம். ஆனால், குறித்த நாளில் அதனை எடுப்பிக்க மறத்தலாகாது. மறந்த குழாயின்மீதே புதிய கல் படியும்.

முதுகில் துளையிட்டுக் கல் எடுத்தவர்கள் மேலும் விழிப்பாயிருத்தல் வேண்டும். சிறுநீர் தெளிந்து ஓரிரு வாரங்கள் சென்றபின்னும், காயமுற்ற நாடியொன்றிலிருந்து திடீரெனப் பெருமளவு குருதி பாயக்கூடும். அத்தகையவர் தாமதமின்றி வைத்தியசாலையை அடைந்தால், மெல்லிய குழாயைக் குருதிக் குழாயினுள்ளே செலுத்தி அந்நாடியை அடைத்து விடலாம்.

நிறத்தை மட்டும் கண்டு மருள வேண்டியதில்லை. ஒரு லீற்றர் சிறுநீரைச் சிவக்கச் செய்ய ஒரு மில்லிலீற்றர் குருதியே போதும். சிறுநீர் நாளுக்கு நாள் வெளிறி வருமாயின் நலமே. கட்டி கட்டியாகக் குருதி வருதல், சிறுநீர் அடைபடுதல், குளிருடன் காய்ச்சல், விலாவில் தணியாத வலி, தலைச்சுற்று ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் அன்றே வைத்தியரை நாடவேண்டும்.

இதய நோயோ சிறுநீரகத் தளர்ச்சியோ இல்லாதவர் நீரைத் தாராளமாகப் பருகலாம். அது குருதியைப் பெருக்குவதில்லை, உறைந்து அடைக்காமற் காக்கிறது. அஸ்பிரின் முதலிய, குருதி உறைதலைத் தடுக்கும் மருந்துகளை உட்கொள்வோர், அவற்றை நிறுத்துவதையும் தொடங்குவதையும் வைத்தியரிடமே விடவேண்டும்.

சில வாரங்கள் கடந்தும், குழாய் எடுத்த பின்னும், குருதி நீடிக்குமாயின் கல்லின்மேல் பழியைப் போட்டுவிட்டு இருத்தல் தகாது. சிறுநீர்ப்பையில் வளரும் புற்றுநோயும் வலியின்றி இவ்வாறே வெளிப்படும். புகைபிடிப்போருக்கு அவ்வபாயம் அதிகம். காலத்தோடு செய்யும் பரிசோதனையே அதனைத் தொடக்கத்திற் கண்டு உயிரைக் காக்கும்.