பெருங்கணினிக் கொத்தணிகளும் இடையறாப் பணியும்

ஊர்காவற்றுறையிலிருந்து காரைநகர் செல்வோர்க்கு இரு வழிகள் உள. ஒன்று, இடைக்கடலைக் கடக்கும் 'பாதை' எனும் மிதவை. மற்றொன்று, பண்ணை வழியாக யாழ்ப்பாணம் சென்று, பொன்னாலை வழியாகக் காரைநகரை அடையும் நெடுந்தெரு. பாதை பழுதுறும் நாளில் பயணம் நீளுமேயன்றி நின்றுவிடாது. நெடுந்தீவுக்கோ தரைவழி இல்லை. கடல் கொந்தளிக்குமாயின், குறிகட்டுவானில் எத்தனை வள்ளங்கள் நிற்பினும் பயனில்லை. அனைத்தையும் ஒரே காற்றுத் தடுத்துவிடும். எனவே, மாற்றுவழி உண்டா என்பதோடு, முதல்வழியைக் கெடுத்த காரணம் மாற்றுவழியையும் கெடுக்குமா என்பதும் ஆராயத்தக்கதாகும். மெயின்பிரேம் எனப்படும் பெருங்கணினிகளை இடையறாது இயக்கும் கலைக்கும் இவ்வினாவே தொடக்கமாம்.

ஒரு கணினி ஆண்டின் நேரத்தில் நூற்றுக்கு 99 பங்கு பழுதின்றி இயங்குமாயின் அதனைச் சிறந்ததென்றே எவரும் கருதுவர். ஆயின் எஞ்சிய ஒரு பங்கு ஏறத்தாழ 88 மணித்தியாலமாகும். அத்தகைய கணினிகள் இரண்டை இணைத்து, ஒன்றின் பழுது மற்றதனைத் தொடாவண்ணம் அமைப்பின், இரண்டும் ஒருங்கே நிற்கும் நேரம் ஆண்டுக்கு ஏறத்தாழ 53 நிமிடமாகக் குறையும். கெடாத பொறியை ஆக்குதல் இயலாது. கெட்டாலும் பணி நில்லாத ஒழுங்கை ஆக்குதல் இயலும். இவ்வாறு ஒன்றாய் இயங்கும் கணினிகளின் கூட்டமே கொத்தணி எனப்படும்.

இதற்கு இந்தியப் புகையிரத ஆசனப் பதிவு தக்க எடுத்துக்காட்டாகும். 1985 இல் புதுடில்லியில் தொடங்கிய கணினிப் பதிவு, பின்னர் மும்பாய், கொல்கத்தா, சென்னை, செக்கந்தராபாத் ஆகிய நகரங்களுக்கும் பரவியது. 1994 இல் செக்கந்தராபாத்தில் 'கொன்சேர்ட்' எனும் புதிய செய்நிரல் நடைமுறைக்கு வந்தது. 1999 இல் ஐந்து நிலையங்களும் ஒரே வலையமைப்பாயின. பல்லாண்டுகளாக இப்பணியைத் தாங்கியவை டிஜிற்றல் நிறுவனம் 1983 இல் அறிமுகப்படுத்திய வாக்ஸ் கொத்தணியும் அதன் வழிவந்தனவுமாம். வாக்ஸ் பெருங்கணினியினும் சிறியதே. எனினும், கொத்தணியின் இலக்கணம் இரண்டிற்கும் பொது.

கொத்தணியிலுள்ள கணினிகள் யாவும் தரவு வட்டுக்களைப் பொதுவாக வைத்து ஆளுகின்றன. ஓர் ஆசனத்தைப் பதியும் கணினி, முதலில் அதன் பதிவேட்டுக்குப் பூட்டிடும். பணி முடிந்தபின் பூட்டை நீக்கும். இடையே அக்கணினி செயலிழப்பின், ஏனையவை அதன் முற்றுப்பெறாத வேலையை நீக்கி, பூட்டைத் திறந்து, பணியைத் தொடரும். கருமபீடத்தில் நிற்கும் பயணி சிறிது காத்திருக்க நேரிடுமேயன்றி வெறுங்கையுடன் திரும்ப நேரிடாது.

ஆயினும், இதனினும் பெரிய இடர் ஒன்று உளது. கணினிகள் பழுதின்றியே இருக்க, அவற்றை இணைக்கும் தொடர்பு மட்டும் அறுந்துவிடலாம். அப்போது ஒவ்வொரு பகுதியும் மற்றது அழிந்ததென எண்ணி, அதன் பூட்டுக்களைத் திறந்து, தானே முழுப்பணியையும் ஏற்க முற்படும். விளைவு யாது? ஒரே படுக்கை இருவர்க்கு விற்கப்படும், பதிவேடு முரண்படும். நின்றுபோன சேவையை மீண்டும் தொடங்கலாம். பிழைபட்ட பதிவேட்டைத் திருத்துதல் எளிதன்று. இறந்த தோழனைவிட, இறந்தவனெனக் கருதப்பட்டும் இயங்குகின்ற தோழனே கொத்தணிக்குக் கேடாவான்.

இவ்விடரைத் தீர்ப்பது வாக்கு முறையாகும். மூன்று கணினிகள் உள்ள கொத்தணியில் ஒவ்வொன்றிற்கும் ஒரு வாக்கு உண்டெனின், இரண்டு வாக்குடைய பகுதி மட்டுமே பணியைத் தொடரலாம். தனித்துவிட்ட கணினி, தன்னிடத்துப் பழுது யாதும் இல்லாதிருந்தும், தானாகவே பணியை நிறுத்திக்கொள்ளும். இரண்டே கணினிகள் உளவாயின், பொதுவான வட்டு ஒன்றிற்கு மூன்றாம் வாக்கு அளிக்கப்படும். பணி முழுவதும் நில்லாதிருக்க வேண்டின், ஓர் உறுப்பு தன் பெரும்பான்மை இழப்பை உணர்ந்து நிற்க அறிந்திருத்தல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

ஐ.பி.எம். நிறுவனம் 1994 இல் வெளியிட்ட பரலல் சிஸ்பிளெக்ஸ் இக்கருத்தையே பெருங்கணினிகளில் விரிவாக்கியது. 32 வரையான இயங்குமுறைமைகள் ஒரே கடிகார ஒழுங்கில் இணைந்து, பூட்டுக்களையும் பொதுத் தகவல்களையும் தனியானதோர் இணைப்பகத்தில் வைக்கின்றன. பராமரிப்புக்காக அவற்றை ஒவ்வொன்றாக நிறுத்தி, பணியைக் குலைக்காது மீளச் சேர்த்தலும் கூடும்.

எனினும், கொத்தணியும் முற்றிலும் காப்பன்று. எல்லாக் கணினிகளும் ஒரே மின்வழியில் இருப்பின், ஒரு மின்தடை அனைத்தையும் நிறுத்தும். எல்லாவற்றிலும் ஒரே செய்நிரல் ஓடுமாயின், அதிலுள்ள ஒரு பிழை எல்லாவற்றையும் ஒருங்கே வீழ்த்தும். குறிகட்டுவான் வள்ளங்களின் நிலை அதுவே. ஆகலின் மின்வழி, கட்டடம், ஊர் என்பன வேறுபடல் வேண்டும். மாற்று ஏற்பாடும் காலந்தோறும் இயக்கிச் சோதிக்கப்படல் வேண்டும். எண்ணிக்கை மட்டும் காப்பாகாது. தனித்தனியே கெடக்கூடியனவாயும், ஒருமித்து முடிவு செய்யவல்லனவாயும் அமைந்த உறுப்புக்களே இடையறாப் பணியைத் தருவனவாகும்.