நம் ஊரின் பகுதி சபை

அடையாற்றங்கரையில் தறியோசையால் பெயர் பெற்ற ஊர் அனகாபுத்தூர். இங்கு நெய்த துணி ஒரு காலத்தில் நைஜீரியா வரை கப்பலேறிற்று. 2021 நவம்பரில் இவ்வூர் நகராட்சி, தாம்பரம் மாநகராட்சியுடன் ஐக்கியமாயிற்று. 70 வார்டுகள் கொண்ட ஸ்தாபனத்தில் நம் தெருச் சாக்கடையை யார் கவனிப்பார் என்று ஜனங்கள் கேட்பது நியாயமே.

இதற்குப் பரிகாரம் பகுதி சபை. வார்டின் ஒவ்வொரு பகுதியிலும் வாக்காளர் அனைவரும் அதில் அங்கத்தினர். 2022 நவம்பர் 1-ல் பக்கத்துப் பம்மலில் கூடிய சபைக்கு முதலமைச்சரே வந்தார். பழைய நெசவாளரும் புதுக் குடித்தனக்காரரும் அருகருகே அமர்ந்து பேச வேறு இடம் ஏது?

ஆனால் மனு வாங்கினால் மட்டும் போதாது. அதன் கதி என்னவாயிற்றென்று அடுத்த கூட்டத்தில் வாசிக்கவேண்டும். ‘முடியாது’ என்ற பதிலையும் ஜனங்கள் பொறுப்பார்கள், மௌனத்தைப் பொறார். 2015 டிசம்பர் வெள்ளத்தை மறவாத நாம், ஐப்பசி மழைக்கு முன்பே வடிகால் கணக்கைக் கேட்போமா?